ஏழு மணிக்கு மடித்த கொசுவலை

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, ஜெயக்குமாரின் அப்பாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பிளேட்லெட் நேற்றைவிட இறங்கிவிட்டதாக நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். டெங்குக் காய்ச்சல் அவனுக்கு வந்தது என்னால்தான் என்று எனக்கு ஒரு பயம்.

ஒரகடத்தில் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம் அது. உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் அட்மின் சூப்பர்வைசர். வடக்குப்பட்டில் வாடகை வீடுகளில் தங்கியிருந்த டிரெய்னிகள் என் பொறுப்பு. கம்பெனியில் உற்பத்தி நடக்கும் லைனில் எந்தப் பொருளும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். அந்த விதியை ரூமுக்கும் கொண்டுபோன மேதாவி நான். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்குக் கொசுவலை மடித்து அலமாரிக்குள் போயிருக்க வேண்டும். தொங்கினால் இரண்டு மார்க் குறையும். வேலையை நிரந்தரமாக்கும்போது அந்த மார்க்கையும் பார்ப்பார்கள்.

ஜெயக்குமார் கொடைக்கானலுக்கு மேலே ஒரு மலை ஊர்க்காரன். நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவான். ஒருநாள் பத்து மணிக்குச் செக்கிங் போனால், வலைக்குள் படுத்திருக்கிறான்.

"என்னப்பா, பகல்ல வலை?"

"எங்கூருக் குளிருக்குக் கொசுவே கிடையாது சார். இங்கிட்டுப் பகல்லயும் பிச்செடுக்குது."

வீட்டுக்கார அம்மா வாசலிலிருந்து சிரித்தார். "இன்னா சார் இவன், பட்டப்பகல்ல பந்தல் போட்டுக்கினு தூங்குறான்!"

நானும் சிரித்தேன். நாலு முடிச்சையும் நானே அவிழ்த்து, வலையை மடித்து அலமாரியில் வைத்தேன். ரெண்டு மார்க் குறைத்தேன். "இன்னொரு தடவை பார்த்தேன், பெர்மனன்ட் ஆகுறதை மறந்துடு" என்றேன். அதன்பிறகு அவன் பகலில் வலை கட்டவில்லை.

மூன்றாவது வாரம் லைனிலேயே சுருண்டு விழுந்தான்.

"இது பகல்ல கடிக்கிற கொசு சார். நைட் ஷிப்ட் பசங்க வலை கட்டித்தான் தூங்குறாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

மதியம் அவன் அப்பா வந்து சேர்ந்தார். மகனைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கொசு கடிச்சே பழக்கமில்லாத பய சார். வத்தலக்குண்டுல எறங்கி நாந்தேன் வலை வாங்கிக் குடுத்தேன். அதைக் கட்டாமப் படுத்துட்டானோ?"

டீ வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து பிளேட்லெட் ஏறத் தொடங்கியது. அன்றைக்குத்தான் ஜெயக்குமார் என்னைச் சரியாக அடையாளம் கண்டான். சிரமப்பட்டுப் பேசினான்.

"சார், வலைய மடிச்சு வச்சிட்டுத்தேன் டூட்டிக்கு வந்தேன். மார்க் கொறச்சிராதீங்க."

வெளியே வந்து அழுதேன். அந்த ரெண்டு மார்க்கை அன்றே திருத்தினேன், விதியையும் எடுத்தேன். அவன் பெர்மனன்ட் ஆனான். அவன் அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவே இல்லை.

இப்போது சூப்பர்வைசராக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரூமுக்கு விதி போடுமுன் நைட் ஷிப்ட்காரன் பாயில் ஒரு பகல் படுத்துப் பாருங்கள். நான் பிறகுதான் படுத்தேன், வலை இல்லாமல். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.