படத்தில் விழுந்த கோடுகள்

எம்.ஆர்.ஐ. அறையில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கும் அவளை மருத்துவமனையில் எல்லோரும் ‘ஸ்கேன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதிர்ந்து பேசத் தெரியாதவள். டிப்ளமா படிக்கும்போது ஃபூரியர் உருமாற்றம் என்ற கணக்குப் பாடத்தில் இரண்டு முறை கோட்டை விட்டு, மூன்றாம் முறை தட்டுத் தடுமாறித் தேறியவள்.

ஒரு வாரமாகச் சில மூளைப் படங்களில் சீப்பால் வாரியது போலச் சாய்ந்த கோடுகள் விழுந்தன. நோயாளி அசைந்திருப்பார் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். தலைவலி என்று வந்த லாரி டிரைவரை இரண்டாம் முறையும் படுக்க வைத்தார்கள். மறுபடியும் கோடு.

“மூச்சுகூடப் பாத்துப் பாத்துதான்மா விட்டேன்” என்றார் அவர்.

அவள் நம்பினாள். அசைந்தால் படம் மங்கும். இப்படி ஒரே சீராகக் கோடு விழாது. சாப்பிடக்கூடப் போகாமல், படமாவதற்கு முந்தைய பதிவைத் திறந்தாள். அந்த இயந்திரம் கேமரா மாதிரிப் படம் பிடிப்பதில்லை. உடம்பிலிருந்து வருவதை அலை அலையாகப் பிரித்து, அலைக்கு ஒரு புள்ளியாகக் குறித்துக்கொள்கிறது. உருமாற்றக் கணக்குதான் அந்தப் புள்ளிகளைப் படமாக்குகிறது. இருட்டாக இருக்க வேண்டிய ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் பளிச்சென்று நின்றது. அதை அழித்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினாள். கோடுகள் போன இடம் தெரியவில்லை.

“ஒரு புள்ளிக்கா இத்தன கோடு?” என்று கேட்டார் டாக்டர்.

“ஒரு புள்ளின்னா ஒரு அலை சார். அது படம் பூராவும்தான் ஓடும்.”

டாக்டர் இரண்டு படங்களையும் திரையில் அருகருகே வைத்துப் பார்த்தார். “சரிதான். ஆனா நீ புள்ளிய அழிச்ச படத்துல நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. எங்கேருந்து வருதுன்னு பாரு.”

அவளுக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

மறுநாள் காலை ஆளுக்குப் பதிலாகத் தண்ணீர்ப் புட்டியை உள்ளே வைத்து, அறையில் இருந்ததை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாள். கூரையின் மூன்றாவது பல்பை அணைத்ததும் புள்ளி காணாமல் போனது. நல்லாத்தானே எரியுது என்று முனகிக்கொண்டே எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றினார். உள்ளே இழை அறுந்தும் அறாமலும், கண்ணுக்குத் தெரியாமல் பொறி விட்டுக்கொண்டிருந்தது.

டிரைவரை மூன்றாம் முறை வரவழைத்து, தப்பு உங்கள் மேல் இல்லை, பல்பு மேல்தான் என்று அவளே சொன்னாள். கோடில்லாத படத்தில், வலது காதுக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு கட்டி தெரிந்தது. அறுவை சிகிச்சையில் தலைவலி போயிற்று. அந்தக் காதின் கேட்கும் திறனும் போயிற்று. லாரியை விட்டுவிட்டுக் கிடங்கு வேலைக்கு மாறிக்கொண்டார்.

பெரிய டாக்டர் இப்போதெல்லாம் யாரையும் அசைந்தீர்களா என்று கேட்பதற்கு முன் அவளை ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறார்.