காயாத கரும்பலகை

வேலியில் கோவைக்கொடியை அறுத்தேன். கையில் ஒட்டிய பச்சை வாடை என்னை மேலூர் பள்ளிக்கூடத்துக்கே இழுத்துப் போய்விட்டது.

அன்று பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக் கரும்பலகையில் பூசியிருந்தோம். அது காய்வதற்குள் வந்துவிட்டார்.

"a³, a² ரெண்டுக்கும் மீப்பெரு பொதுக்காரணியை எழுதும்மா" என்றார் என்னிடம்.

விடை a²தான். ஆனால் 'மீப்பெரு' என்றதும் பெரிய அடுக்கை எழுதிவிடுவது எங்கள் வகுப்பின் வியாதி. எழுதினேன். ஈரத்தில் சாக்பீஸ் தெரியவில்லை.

"காயட்டும்" என்று அவர் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டா, மூன்றா, எதை எழுதினேன்? பயத்தில் மறந்தே போனது. வாத்தியார் வேட்டி நுனியைப் பிசைந்தார். முதலில் a வெளுத்தது. பிறகு அதன் தலையில் ஒரு வளைவு. இரண்டுக்கும் மூன்றுக்கும் மேல்வளைவு ஒன்றுதானே! கடைசியில் அடிக்கோடு நேராகத் தெரிந்தது. இரண்டேதான்!

"தண்ணி கொண்டா தாயி" என்றார் வாத்தியார். தண்ணீர் இன்ஸ்பெக்டருக்கு இல்லை, வாத்தியாருக்குத்தான்.

இப்போது சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. அந்த அடிக்கோடு மறுபடி தெரியும்வரை கையை மோந்துகொண்டே நிற்கிறேன்.