புள்ளி விழாத ஆட்டம்

வீடியோ கேமைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு. எங்கே சொன்னாலும் சண்டையில்தான் முடிகிறது. அதனால் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போவேன், போய்ச் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் அதனால்தான் கெட்டுப்போகிறார்கள் என்று என் மருமகன் அலுத்துக்கொண்டால், கெடுப்பது ஆட்டம் இல்லை, திரையின் மூலையில் ஏறிக்கொண்டே போகும் அந்த எண்தான் என்பேன். அதை மறைத்துவிட்டு ஆடச் சொல்லுங்கள், பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், மிச்சம் இருப்பவர்கள்தான் நிஜமாக ஆடுகிறவர்கள் என்பேன். "அப்ப எதுக்குப் பாட்டி ஆடணும்?" என்று பேத்தி குறுக்கே விழுவாள். அதோடு விட மாட்டேன். இரண்டு கோடும் ஒரு புள்ளியுமாக இருந்தபோதே அந்த விளையாட்டு முழுமை அடைந்துவிட்டது, பிறகு வந்த துப்பாக்கி, கார், அரக்கன் எல்லாம் வெறும் ஜோடனை என்பேன். அந்த இடத்தில் அப்பனும் மகளும் தங்கள் சண்டையை மறந்து ஒரே கட்சியாகி என்மேல் பாய்வார்கள். பாயட்டும். அவர்கள் பார்க்காத ஒரு ஆட்டத்தை நான் பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயில் மேளம் வீட்டுக்குள் கேட்கும் தூரத்தில் எங்கள் தெரு. எனக்கு ஒன்பது வயது. தெருவில் கோலி, பாண்டி, பச்சைக்குதிரை என்று எந்த ஆட்டம் நடந்தாலும் யார் அவுட் என்று தீர்ப்புச் சொல்வது நான்தான். யாரும் என்னை நியமிக்கவில்லை. என் குரல்தான் பெரியது.

வீட்டில் அப்பாவும் அத்தையும் சேர்ந்து ஒரே தறியில் நெய்தார்கள். அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. கோர்வைப் புடவைக்கு ஒரு ஆள் போதாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், அதனால் ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவும் வேறு வேறு. அப்பா நடுவில் உட்கார்ந்து எறிவார், அத்தை வலப்பக்கம் உட்கார்ந்து வாங்கித் திருப்புவாள். நாடா தரையில் விழுந்தால் இழை அறும், இழை அறுந்தால் அப்பாவின் வாயிலிருந்து வருவதை நாங்கள் காதில் வாங்கக்கூடாது. அத்தையின் கையிலிருந்து நாடா விழுந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த வருஷம் சிங்கப்பூரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அங்கே கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் வேலை. பையனாகப் போனவர் மீசையும் மணக்கும் சட்டையுமாகத் திரும்பியிருந்தார். அவருக்கு அத்தையைக் கட்டிவைப்பது என்று பெரியவர்கள் எப்போதோ பேசி வைத்திருந்தார்கள். முறைப்பையன், சொந்த மண், கை நிறையச் சம்பளம். இதில் கேள்வி கேட்க ஒன்றுமில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள், அத்தையைத் தவிர.

"சின்ன வயசுல செவுரு ஏறிக் குதிச்சுக்கினு திரிஞ்ச ஆளுதான் அண்ணி எனக்குத் தெரியும்," என்று அவள் அடுப்படியில் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். "இப்ப வந்திருக்கறவரு எப்பிடின்னு யாருக்குத் தெரியும்? கடலத் தாண்டி இட்டுக்கினு போயிடுவாரு. அங்க போயி அழுதா யாரு வருவா? ஆளு எப்பிடின்னு தெரியாம நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

அம்மாவின் பாடுதான் திண்டாட்டம். ஒரு பக்கம் தம்பி, இன்னொரு பக்கம் நாத்தனார். வேண்டாம் என்றால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் காலத்துக்கும் புகைந்துகொண்டிருக்கும். சரி என்று தலையைப் பிடித்து ஆட்ட வைத்து, அத்தை அங்கே போய் அழுதால் அதைவிட மோசம். அப்பாவோ, "இதுல யோசிக்க இன்னா இருக்குது? நம்ம பையன். நாளைக்கு சாயங்காலம் பெரியவங்க வராங்க. அதுக்குள்ள ஒரு பதில் சொல்லச் சொல்லு," என்று சொல்லிவிட்டுத் தறியில் இறங்கிவிட்டார்.

பேசிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்றால் அதற்கு வழியில்லை. எங்கள் தெருவில் கல்யாணம் ஆகும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வது கிடையாது. மாமா வீட்டுக்கு வந்தால் வாசல் நிலையைப் பார்த்துத் தண்ணீர் கேட்பார். அத்தை சொம்பை என்னிடம் கொடுப்பாள், நான் மாமாவிடம் கொடுப்பேன். "போதுமான்னு கேளு," என்பாள் அத்தை. ஒரு முழம் தள்ளி நிற்கும் ஆளிடம் நான் அதைத் திரும்பக் கேட்பேன். "போதும்னு சொல்லு," என்பார் அவர். இந்த உத்தியோகத்தை நான் மிகவும் மதித்தேன்.

மாமா கொண்டுவந்த பெட்டியில் சோப்பும் மிட்டாயும் தவிர இன்னொரு பெட்டியும் இருந்தது. சாப்பாட்டு டப்பா அளவு, இரண்டு முனையிலும் ஒவ்வொரு திருகு. அதை டிவியில் மாட்ட வேண்டும் என்றார். தெருவிலேயே டிவி இருந்தது பட்டு ஜவுளி முதலாளி வீட்டில் மட்டும்தான். மாடியில் தென்னை உயரத்துக்குக் கம்பி நட்டு, மெட்ராஸிலிருந்து வரும் படத்தை மழை பெய்கிறாற்போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகலில் டிவி சும்மாதான் கிடக்கும் என்பதால் முதலாளியம்மா தாராளமாகச் சம்மதித்தார்.

மறுநாள் மத்தியானம் அந்த வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. திரை கறுப்பானது. இடப்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, வலப்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் அங்கும் இங்கும் ஓடும் ஒரு புள்ளி. திருகைத் திருப்பினால் கோடு மேலும் கீழும் போகும். கோட்டில் பட்டால் புள்ளி 'டொக்' என்று திரும்பும். படாமல் போனால் எதிராளிக்கு ஒரு எண். பதினைந்து எடுத்தவர் ஜெயித்தவர்.

எல்லோருக்கும் உடனே ஒரு கருத்து இருந்தது. கண் போய்விடும் என்றார் ஒருவர். டிவி வெடித்துவிடும் என்றார் மற்றொருவர். உட்கார்ந்த இடத்திலேயே பந்தாட்டம் ஆடினால் கை கால் எதற்கு என்று முதலாளியம்மா கேட்டார், கேட்டுவிட்டு முதல் ஆளாக உட்கார்ந்து தோற்றார். மாமா வந்தவர்களையெல்லாம் தோற்கடித்தார். புள்ளியைக் கோட்டின் நுனியில் வாங்கிச் சட்டென்று மூலைக்கு அனுப்புவார், எதிராளியின் கோடு போய்ச் சேருவதற்குள் புள்ளி போய்விடும். என்னையும் அப்படித்தான் தோற்கடித்தார். நான் அழவில்லை. அந்த மூலை வித்தையை மனதில் குறித்துக்கொண்டேன்.

அப்போதுதான் அம்மா அத்தையைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். "நீயும் ஒரு ஆட்டம் ஆடிப் பாரேன்மா. எல்லாரும்தான் ஆடறாங்க," என்று, அதில் ஒன்றுமே இல்லை என்பதுபோல் சொன்னாள். முக்காலியில் பெட்டி. அதற்கு அந்தப் பக்கம் மாமா, இந்தப் பக்கம் அத்தை. நடுவில் வேலியாக என்னை உட்கார வைத்து, "எழுந்திருக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று அம்மா போய்விட்டாள்.

"எப்பிடி ஆடறதுன்னு கேளு," என்றாள் அத்தை என்னிடம். மாமா திரையைப் பார்த்தபடி எனக்கு விளக்கினார். நான் அதை அத்தைக்கு விளக்கினேன்.

"விழாம பாத்துக்கணும். அவ்வளவுதானே?"

"அது இல்ல அத்த. மாமா விடறமாதிரி நீ போடணும்."

"எதுக்கு விடணும்?" என்றாள். அவளுக்கு அது உண்மையிலேயே புரியவில்லை. ஒருவர் அனுப்புவதை ஒருவர் வாங்கித் திருப்ப வேண்டும், அது விழவே கூடாது, இதுதான் அவளுக்குத் தெரிந்தது. எதிரில் இருப்பவர் தவறவிட வேண்டும் என்று ஒரு ஆள் எதற்காக ஆசைப்பட வேண்டும்?

திருகு கைக்குப் பழகும்வரை இரண்டு மூன்று புள்ளிகளை விட்டாள். பிறகு லேசில் விடவில்லை. மாமா எங்கே போட்டாலும் பெரும்பாலும் அவளுடைய கோடு முன்னாலேயே போய் நின்றது. கூடத்தில் ஒரே ஆரவாரம். சிங்கப்பூர்க்காரருக்குச் சரியான ஆள் வந்துவிட்டது என்று நான் துள்ளினேன். ஆனால் அவள் செய்த காரியம் சீக்கிரமே எனக்கு எரிச்சலைக் கொடுத்தது. வந்த புள்ளியைக் கோட்டின் நடுவில் வாங்கி, நேராக, மாமாவின் கோடு எங்கே நிற்கிறதோ அங்கேயே அனுப்பினாள். மூலை காலியாகக் கிடந்தது. குழந்தைகூடப் போட்டிருக்கும்.

"மூலையில போடு அத்த!" என்று கத்தினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை.

மாமா சிரித்துக்கொண்டே அடுத்ததை மூலைக்கு வீசினார். அத்தையின் கோடு எட்டவில்லை. அவருக்கு ஒரு எண். அடுத்த புள்ளி வந்தது, அத்தை மறுபடியும் அவர் கைக்கே அனுப்பினாள். அவர் மறுபடியும் மூலைக்கு. இன்னொரு எண். அத்தையின் முகத்தைப் பார்த்தேன். தோற்கிற கோபம் எதுவும் இல்லை. கடைக்காரர் துணியை விரித்துக் காட்டும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாளே, அந்தப் பார்வை இருந்தது. மூன்றாவது தடவையும் புள்ளியை மெதுவாக, நேராக அவரிடம் அனுப்பினாள்.

மாமாவின் சிரிப்பு நின்றது. கோட்டை நுனிக்குக் கொண்டுபோனவர், கடைசி நொடியில் திருகைத் திருப்பி நடுவில் வாங்கினார். புள்ளி நேராக அத்தையிடம் போனது. அத்தை திருப்பினாள். அவர் திருப்பினார்.

அதற்குப் பிறகு அந்தப் புள்ளி விழவே இல்லை.

டொக், டொக், டொக். போகப் போக அது வேகம் எடுத்தது. மாமாவின் நெற்றி வேர்த்தது. ஒருமுறை அவர் கோடு தடுமாறியபோது, அத்தை அடுத்ததை இன்னும் வாகாக அவருக்கு அனுப்பியதை நான் என் கண்ணால் பார்த்தேன். எதிராளிக்கு உதவி செய்கிற ஆட்டக்காரியை நான் அதுவரை பார்த்ததில்லை. எண்கள் அப்படியே நின்றன. கூட்டம் சலித்துப்போனது.

"இன்னாபா இது, ஆட்டமா தறியா?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பையன்கள் தெருவுக்கு ஓடினார்கள். முதலாளியம்மா தூணில் சாய்ந்து கண்ணை மூடினார். தூங்கினாரா, வேண்டுமென்றே மூடிக்கொண்டாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். கூடத்தில் நாங்கள் மூன்று பேரும் அந்த டொக் டொக்கும் மட்டும்.

நான் பொறுத்துப் பார்த்தேன். நடுவர் என்ற முறையில் எனக்கு ஒரு பொறுப்பு இருந்தது. "யாராவது ஒருத்தர் விடுங்க!" என்றேன். யாரும் விடவில்லை. "தள்ளு அத்த, நான் ஜெயிச்சுக் காட்டறேன்," என்று திருகில் கை வைத்தேன்.

"கைய எடு," என்றாள் அத்தை. என்னிடம் அவள் அந்தக் குரலில் பேசியதே கிடையாது. மாமா பக்கம் திரும்பினேன், நியாயம் கேட்க. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது வரைக்கும் சிவந்திருந்தார். இவ்வளவு நேரம் ஆடியும் அதற்குமேல் ஒரு எண்கூட எடுக்க முடியாத அவமானம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் என்னிடம் எதுவும் கேட்கச் சொல்லவில்லை, எதுவும் சொல்லச் சொல்லவில்லை. எனக்கு அங்கே வேலையே இல்லை. விறுட்டென்று எழுந்து வீட்டுக்குப் போனேன். போகிறேன் என்பதைக்கூட இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

அம்மா அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னாடி, ஆட்டம் முடிஞ்சுதா?"

"எங்க முடியறது? ரெண்டு பேருக்குமே ஆடத் தெரியலம்மா. மூலையில போடுன்னு எவ்வளவோ சொன்னேன். அத்த மாமா கைக்கே போட்டுக்கினு இருக்குது. புள்ளி விழவே மாட்டேங்குது."

"உங்க மாமா?"

"மொதல்ல ஒழுங்காத்தான் ஆடினாரு. அப்புறம் அவரும் கெட்டுட்டாரு. அத்த கைக்கே போடறாரு."

அம்மா அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராகத் தறிக்குப் போனாள். "ஏங்க, எழுந்திருங்க. வெத்தல பாக்கு, பூ, எல்லாம் வாங்கிக்கினு வாங்க. உங்க தங்கச்சி சரின்னுட்டா."

"யாரு கிட்ட சொல்லிச்சு?" என்று அப்பா கேட்டார்.

"பொய்யி!" என்றேன் நான். அநியாயத்தைக் கண்டால் எனக்கு அப்போதும் பொறுக்காது. "யாரு கிட்டயும் சொல்லல. நான் ரெண்டு பேருக்கும் நடுவுலயே உக்காந்துக்கினு இருந்தேன். ஒரு வார்த்த பேசல!"

அம்மா சிரித்தாள். அப்பா ஒருமுறை அம்மாவைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார், அவரும் சிரிக்க ஆரம்பித்தார். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. அம்மா ஒரு வெல்லக்கட்டியை எடுத்து என் வாயில் திணித்தாள். நான் அதற்கெல்லாம் மசிகிறவளா? வெல்லத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தெருவில் இறங்கி, எங்கள் அம்மா பொய் சொல்கிறாள், அத்தை இன்னும் சரி என்று சொல்லவே இல்லை, பக்கத்திலேயே இருந்த எனக்குத் தெரியாதா என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.