ஒற்றக்காவும் ஆறு பெட்டிகளும்

ஒற்றக்கா எஃகு அளவுகோலை ஒரு வரி கீழே இறக்குகிறார். சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார். பிறகு அந்த வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல் வரை முணுமுணுவென்று படிக்கிறார். நேராகப் படித்தால் பொருள் புரிந்துவிடுமாம். பொருள் புரிந்தால் பிழை கண்ணில் படாதாம். பக்கத்து மேசையில் கணினியில் பக்கம் அமைக்கும் நான் ஒன்பது வருடங்களாக எல்லாவற்றையும் பின்னாலிருந்து முன்னால் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் என் காதுக்கு விடுமுறை.

பள்ளிக்கூடச் சுவர்களில் மாட்டும் படங்களும் அட்டவணைகளும் அச்சாகிற எங்கள் அச்சகத்தில் அவர் பிழை திருத்துகிறவர். விட்டுப்போன க், ச், த், ப்களைத் தேடித் தேடிப் பிடிப்பதால் ஒற்றக்கா. அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தோம். ஒருநாள் மெஷின்காரர் ஒரு தாளின் ஓரத்தில் ‘ஒற்றகா’ என்று கிறுக்கி வைத்திருக்க, ஒற்றக்கா அதில் ஒரு ‘க்’ சேர்த்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

வீட்டிலும் இதே கதைதான். மகள் அனுப்பும் செய்திகளைத் திருத்தித் திருத்தி அவளுக்கே அனுப்பியதில், அவள் இப்போது குரல் பதிவு மட்டும்தான் அனுப்புகிறாள். “தப்பைப் பாத்துட்டு எப்படித் தம்பி சும்மா இருக்கிறது? கை அரிக்குது” என்பார். அரிப்பது அவர் கை, சொறிய வேண்டியவன் நான். முடித்த பக்கத்தை ஏழு முறை திறந்து ஏழு முறை மூடுவேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் மல்லுக்கட்டுவேன். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பத்துக்கு ஒன்பது முறை அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

போன மாதம் உடல் உறுப்புப் படத்தில் கல்லீரலுக்குப் போக வேண்டிய கோடு இரைப்பைக்குப் போய்விட்டது. ஒரு கட்டுத் தாள் குப்பைக்குப் போயிற்று. கோடு போட்டது நான், பார்த்து அனுப்பியது அவர். முதலாளி எங்கள் இருவரையும் சேர்த்து நிற்க வைத்து, “இன்னொரு வாட்டி பேப்பர் வீணாச்சுன்னா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் இங்க இருப்பீங்க” என்றார். நான் போனால் வேறு அச்சகம் கிடைக்கும். ஐம்பத்தெட்டு வயதில் ஒற்றக்காவை யார் வைத்துக்கொள்வார்கள்?

அந்தச் சூட்டோடு வந்தது தனிம அட்டவணை. முதல் ஐம்பத்து நான்கு தனிமங்கள், பெட்டி பெட்டியாக. ஒவ்வொரு பெட்டியிலும் மேல் மூலையில் அணு எண், நடுவில் குறியீடும் பெயரும், அடியில் அணு நிறை, வலது ஓரத்தில் எந்தக் கூட்டில் எத்தனை எலக்ட்ரான் என்று பொடி எண்கள். வேதியியலில் நாங்கள் இருவரும் ஒரே ரகம். அவர் அந்தப் பக்கம் போனதேயில்லை. நான் போய்த் தோற்றுத் திரும்பியவன்.

பொருள் புரியாத பக்கம் என்றால் அவருக்குக் கொண்டாட்டம். நிறைகளை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டே போனவர், மூன்று இடங்களில் நின்றார். “ஆர்கான் 39.95. அடுத்த பெட்டியில பொட்டாசியம் 39.10. ஏறிட்டே வந்தது எப்படி இறங்கும்?” கோபால்ட்டும் நிக்கலும் அப்படியே, டெலூரியமும் அயோடினும் அப்படியே. மூன்று ஜோடிகளையும் இடம் மாற்றச் சொல்லிச் சிவப்பில் வளைத்தார். மேல் மூலை எண்ணை என்ன செய்வது என்று கேட்டேன். அது வெறும் வரிசை எண்தானே, இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மற்றதை மாற்றினால் போதும் என்றார்.

அட்டவணையை எழுதிக் கொடுத்த வேதியியல் ஆசிரியையை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எனக்குச் சண்டை போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. எதையோ செய்து தொலைவோம் என்று ஆறு பெட்டிகளையும் மாற்றிவிட்டு, பார்த்தேன் என்று கையெழுத்தும் போட்டேன். உண்மையில் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மெஷின் ஓடத் தொடங்கியது. அச்சான தாளையும் விடாத பிறவி, முதல் தாளை வாங்கி மேசையில் விரித்தார். குறுக்கே படித்தாயிற்று, நெடுக்கேயும் படித்துவிடலாம் என்றார். படிக்கட்டும் என்று நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பேனா மூடி தரையில் கிடந்தது.

“தம்பி, ஓரத்துல இருக்கிற பொடி எண்ணைக் கூட்டுங்க.”

சோடியத்துக்கு இரண்டு, எட்டு, ஒன்று. பதினொன்று. மேல் மூலையிலும் பதினொன்று. எந்தப் பெட்டியைக் கூட்டினாலும் மேல் மூலை எண்ணே வந்தது. பொட்டாசியத்துக்கு இரண்டு, எட்டு, எட்டு, ஒன்று, ஆகப் பத்தொன்பது. மேலே பதினெட்டு என்று இருந்தது. தப்பு வந்த பெட்டிகள் ஆறு. ஆறும் நாங்கள் கை வைத்தவை. முதல் நெடுவரிசையில் அளவுகோலைச் செங்குத்தாக வைத்துக் காட்டினார். ஹைட்ரஜன், லித்தியம், சோடியம், ருபீடியம் எல்லாம் ஒன்றில் முடிய, நடுவில் ஆர்கான் மட்டும் எட்டில் முடிந்து முழித்துக்கொண்டிருந்தது.

“இது வரிசை எண் இல்ல தம்பி. எண்ணிக்கை.”

இதை நேற்றே கூட்டித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கத்திவிட்டேன். அவர் எழுந்துபோய், எல்லோர் முன்னாலும் மெஷினை நிறுத்தச் சொன்னார். நானூறு தாள் ஓடியிருந்தது.

ஆசிரியையைத் தொலைபேசியில் பிடித்தேன். ஆறு பெட்டி மாறிய கதையைச் சொன்னேன். அவர் பாடமே நடத்திவிட்டார். அணுக்கருவில் எத்தனை புரோட்டானோ அதுதான் மேல் மூலை எண். வெளியே கூடுகளிலும் அத்தனை எலக்ட்ரான்தான். குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கடைசிக் கூடு. குணம் ஒத்தவை ஒரே நெடுவரிசையில் நிற்கும். நிறையில் நியூட்ரானும் சேர்ந்துவிடுவதால் சில இடங்களில் அது முன்பின்னாக வரும். “எடை பாத்து உக்கார வைக்க அது என்ன தராசாங்க?” என்றார். ஒற்றக்கா கூட்டல் போட்டுக் கண்டுபிடித்ததையேதான் அவரும் சொல்லி முடித்தார்.

முதலாளி வந்தார், நானூறு தாளையும் பார்த்தார். யார் தப்பு என்று சாயங்காலத்துக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

ஒற்றக்கா மூன்றே வரி எழுதினார். இடம் மாற்றச் சொன்னது தான் என்றும், அணு எண்ணை வரிசை எண் என்று நினைத்துவிட்டதாகவும், வேறு யாருக்கும் இதில் பொறுப்பில்லை என்றும். நான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டதைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்திலும் அவர் மேல்தான் கோபம் வந்தது. நானும் ஒரு தாளை எடுத்து, சரிபார்க்காமல் மாற்றியது என் குற்றம் என்று எழுதி அவரிடம் நீட்டினேன்.

அளவுகோலை வைத்துக் கடைசிச் சொல்லிலிருந்து படித்தார். அவசரத்தில் ‘ஒப்புக்கொல்கிறேன்’ என்று எழுதியிருந்தேன். ‘ல்’லைச் சுழித்து ‘ள்’ ஆக்கினார். அதன் பிறகு, முதல் வரியிலிருந்து என் கையெழுத்து வரை மொத்தத்தையும் சிவப்பில் குறுக்கே அடித்து, ஓரத்தில் நீக்கல் குறி போட்டு என்னிடமே தந்தார்.