மருந்து பம்பு தேடி ராயபுரம் முதல் எண்ணூர் வரை

எங்கள் ஊர் நகராட்சியில் குடிநீர் ஓவர்சியராக இருக்கிறேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் கலக்க எந்த பம்பு தோது என்று நேரில் பார்த்து வர, தை மாதம் நான்கு நாள் சென்னைக்குப் போனேன். இதே வேலையாகப் புறப்படுகிற மற்ற ஊர்க்காரர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஒரு பானையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழும். போன கோடையில் கசடு அடைத்து சொட்டு நின்றது. தண்ணீர் நிற்கவில்லை. மறுநாள் மாலைதான் கவனித்தோம். அந்த வாரம் காலராவில் போனவர்களில் என் மகன் பஷீரும் ஒருவன். ஆறு வயது. நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் என் மனைவி ஜொகரா, சின்னவளைத் தூக்கிக்கொண்டு ராயபுரத்தில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

எழும்பூரில் காலை ஆறரைக்கு இறங்கினேன். மண்ணடியில் அறை, நாளுக்கு ஒன்றரை ரூபாய். அங்கிருந்து ஜொகராவின் வீடு ஒன்றேகால் மைல். முதல் இரண்டு நாளும் சாயங்காலம் அந்தத் தெருமுனை வரை நடந்து, அவள் வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

முதலில் பார்த்தது ராயபுரம் கடற்கரையோரம் ஒரு ஐஸ் தொழிற்சாலை. டிராமில் போகலாம். அங்கே ஐஸ் உறைய வைக்கும் தண்ணீரில் குளோரின் கலக்க, மோட்டாரில் ஓடும் ரப்பர் தட்டு பம்பு. ஃபிட்டர் மாசிலாமணி மூடியைக் கழற்றியே காட்டினார்.

"இத்த பாரு நைனா, உள்ள ரப்பர் தட்டு கீது. முன்ன பின்ன அசைஞ்சி மருந்தத் தள்ளிக்கினே இருக்கும். ஒரு சொட்டு ஒழுவாது. ஆனா ஆறு மாசத்துல ரப்பர் கீறிக்கும். கையில ஒண்ணு வச்சிக்கோ."

"கரண்டு போனால்?"

"பம்ப் நின்னுடும். மேல் தொட்டித் தண்ணி நிக்காது."

எங்கள் ஊரில் மின்சாரம் வருவதே விருந்தாளி மாதிரி. எழுதி வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டாம் நாள் பஸ்ஸில் திருவொற்றியூர்; நாலு மைல், இரண்டணா. ஒரு தொழிற்சாலையின் பாய்லர் அறையில் பிஸ்டன் பம்பு பார்த்தேன். எவ்வளவு அழுத்தமான குழாயிலும் மருந்தைத் துல்லியமாகச் செலுத்திவிடும். ஆனால் தண்டைச் சுற்றிக் கசிந்து தரையெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. பிளீச்சிங் கரைசலுக்கு ஆகுமா என்று பாய்லர்காரரிடம் கேட்டேன். "பேஜாராப் பூடும் சார். கசடு பட்டா தண்டு கீறிக்கும்" என்றார்.

மூன்றாம் நாள் எண்ணூர். திருவொற்றியூரிலிருந்து ரயிலில் இருபது நிமிஷம், பிறகு மணலில் ஒன்றரை மைல் நடை. (குடை கொண்டு போங்கள், வழியில் ஒரு மரம் கிடையாது.) தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் தண்ணீர்க் குழாயில் இருந்ததும் ரப்பர் தட்டு பம்புதான். ஆனால் அதை இயக்குவது மோட்டார் அல்ல, குழாயில் ஓடுகிற தண்ணீர். தண்ணீர் கூடினால் மருந்து கூடும், நின்றால் நிற்கும். அதன் பக்கத்தில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு வருஷம் முன்னால் இது எங்கள் ஊரில் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அந்தத் தெம்பில் அன்று சாயங்காலம் ஜொகராவின் கதவைத் தட்டினேன். மகள் என்னைப் பார்த்ததும் தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். ஜொகரா காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கொடுத்தாள். வேறு பேசத் தெரியாமல் மூன்று பம்புகளைப் பற்றியும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"அது நின்னு பூட்சின்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்தில் ஆள் போடுவோம்."

"அன்னிக்கும் ஆள் இருந்தானே."

தம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

காலையில் திரும்பவும் மாசிலாமணியிடம் போய் அவள் கேட்டதையே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"பம்பப் பாக்காத நைனா, கொழாயப் பாரு. கடைசித் தெருவுல கடைசிக் கொழாய்த் தண்ணிய புடிச்சி, இந்த டெஸ்ட் மருந்துல நாலு சொட்டு வுடு. மஞ்சளாச்சின்னா குளோரின் கீது. ஆவலன்னா வால்வ மூடு."

ஒரு சின்னப் புட்டியில் ஊற்றியும் கொடுத்தார். பத்து மணிக்கு ஜொகராவின் வாசலில் தெருக்குழாய்த் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்து நாலு சொட்டு விட்டேன். லேசாக மஞ்சள் பரவியது. அவள் தம்ளரை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"இத்தினியூண்டு மஞ்சளா?"

"இவ்வளவுதான்."

"அன்னிக்கு இது இல்ல."

"இல்லை."

வெகுநேரம் தம்ளரைக் கீழே வைக்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெனம் பாருங்க. இன்னா கலர்னு எனுக்குக் கார்டு போடுங்க" என்றாள். நான் படியிறங்கும்போது மகள் எட்டிப் பார்த்தாள். கூப்பிடத் தைரியம் வரவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: அழுத்தம் அதிகமான பாய்லருக்குப் பிஸ்டன். மின்சாரம் நிற்காத இடத்துக்கு மோட்டாரில் ஓடும் ரப்பர் தட்டு. மற்ற ஊர்களுக்குத் தண்ணீரால் ஓடுவது. உபரி ரப்பர் இரண்டு சேர்த்தே கேளுங்கள், கரைசலைத் தெளியவைத்து மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். எதை வாங்கினாலும் கடைசிக் குழாயடிக்கு நீங்களே போங்கள்.

மாசியில் எங்களுக்குத் தண்ணீரால் ஓடும் பம்பு வந்தது. தினமும் ஒரு கார்டு: "இன்று மஞ்சள்." பதில் கிடையாது. பத்தொன்பதாம் நாள் மஞ்சள் வரவில்லை. வால்வை மூடி, அடைப்பை நீக்கி, இரண்டு மணி நேரம் ஊருக்குத் தண்ணீர் நிறுத்தினேன். எழுதுவதா வேண்டாமா என்று தபாலாபீஸ் வாசலில் நின்று யோசித்தேன். எழுதிப் போட்டேன்.

அதற்கு நான்காம் நாள் ஜொகராவின் கையெழுத்தில் ஒரு கார்டு வந்தது. "மறைக்காம எழுதினீங்க. கோடை தாண்டட்டும். அப்புறம் வந்து கூட்டிக்கினு போங்க."

இப்போது பங்குனி. வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது.