வண்டிக்குக் காவல்

பெங்களூர் ஜீவனஹள்ளியில் இருந்த மகாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே வயிறு எரியும். ஊரே ஓய்வெடுக்கும் நாளில்தான் அவள் பில் போடும் துணிக்கடையில் கூட்டம் நெட்டித் தள்ளும். லீவு கேட்டால் முதலாளியின் முகம் அஷ்டகோணலாகும். அந்தப் பாழாய்ப்போன ஞாயிற்றுக்கிழமையில்தான் காக்ஸ் டவுனில், நண்பன் அச்யுத் வீட்டில், ஆட்டமும் நடந்தது.

2003 வாக்கில் அந்த ஆட்டம் நண்பர்கள் ஐவருக்கும் பைத்தியமாகவே பிடித்திருந்தது. அச்யுத் கதை சொல்வான். மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாத்திரமாகி, இன்னது செய்கிறேன் என்பார்கள். கதைக்குள் யாராவது எதிரே நின்று தடுத்தால் மட்டும் பகடை உருட்டுவது. இல்லையென்றால் சொன்னது சொன்னபடி நடந்துவிடும். மகாவின் பாத்திரம் வீராயி என்ற வழிப்பறிக்காரி. கடையில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குழைந்தே நாளைக் கழிப்பவளுக்கு, யாருக்கும் குனியாத வீராயி உயிராக இருந்தாள்.

ஆனால் அங்கே ஒரு வழக்கம். வராதவரின் பாத்திரம் சாமான் வண்டிக்குக் காவல் இருக்க வேண்டும். மற்றவர்கள் ஐ.டி. கம்பெனிக்காரர்கள், சனி, ஞாயிறு லீவு. அவர்கள் கோட்டை பிடித்தார்கள், வீராயி மாட்டுக்கு வைக்கோல் போட்டாள்.

ஒரு ஞாயிறு, வயிற்றுவலி என்று கடையில் பொய் சொல்லிவிட்டு மகா ஆட்டத்துக்கு வந்தாள். அச்யுத் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். இனித் தவறாமல் வருகிறவர்கள் மட்டும் போதுமாம். வண்டியருகே வீராயியை ஓநாய் அடித்ததாக வைத்து முடித்துவிடலாமாம்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ மகா" என்றான் கூட ஆடும் சாய்கிருஷ்ணா. அட்ஜஸ்ட் செய்துகொள்வதற்கென்றே சிலரைப் படைத்திருக்கிறார்கள் போலும்!

மகா அழவில்லை. வண்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். கோட்டைக்குள் போயிருக்கும் மூவரின் தானியம், ஆயுதம், கொள்ளையடித்த பொன் எல்லாம் அதில்தான் என்றான் அச்யுத். ஓநாய் வந்துவிட்டதா என்றாள். இன்னும் இல்லை.

"அப்ப மாட்டப் பூட்டி, வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயிட்டா வீராயி."

அச்யுத் பகடையை எடுத்தான்.

"தடுக்க அங்க யாரு இருக்கா, உருட்டறதுக்கு? இத்தன நாளும் ஒருத்தரும் வண்டிப் பக்கம் எட்டிப் பாக்கலியே."

அவன் போட்ட விதிதான். பகடை மேசைக்கே திரும்பியது. கோட்டைக்குள் மூவருக்கும் ஒரு பிடி அரிசி இல்லை. வண்டி எங்கே போகிறது என்று சாய்கிருஷ்ணாதான் மெல்லக் கேட்டான்.

மகா எழுந்து செருப்பை மாட்டினாள். "செவ்வாக்கெழம எனக்கு லீவு. சாயங்காலம் எங்க வீட்டுக்கு வாங்க, சொல்றேன். வராதவங்க கோட்டையிலயே பட்டினி கெடக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை ஜீவனஹள்ளிச் சந்தில் முதலில் பைக்கை நிறுத்தியவன் அச்யுத். ஆபீசில் என்ன வலி என்று சொல்லிவிட்டு வந்தானோ, தெரியாது.