படிகாரம் கட்டிய ஹைட்ராஞ்சியா

கொடைக்கானலிலிருந்து திருச்சி வரை அந்த ஹைட்ராஞ்சியா பூச்செடித் தொட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள் என் மனைவி. பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்ததா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் பிளாட்டின் பால்கனியில், வெயில் படாத மூலையில் அதை வைத்தாள். பூக்கொத்து நல்ல நீலம்.

எதிர் வீட்டு அக்கா தினமும் வந்து பார்ப்பார். முசிறிக்காரர். ஊரிலிருந்து வாழைத்தார் வந்தால் பாதி எங்களுக்குத்தான். "என்னா நீலம்! கண்ண எடுக்க முடியலையே" என்பார். காய்கறி வாங்க, காவிரிக்குப் போக, எல்லாவற்றுக்கும் இரண்டு பேரும் சேர்ந்துதான் கிளம்புவார்கள்.

மார்கழியில் அடுத்த கொத்து வந்தது. இளஞ்சிவப்பு.

"அக்கா கண்ணு பட்டுடுச்சுங்க" என்றாள் மனைவி. ஒரு படிகாரக் கட்டியைக் கறுப்புக் கயிற்றில் கட்டி, தொட்டிக்கு நேர் மேலே கம்பியில் தொங்கவிட்டாள். அக்கா மணி அடித்தால், "வேலையா இருக்கேன்" என்று கதவைப் பாதி திறந்து சொல்லி அனுப்பினாள். நாலைந்து தடவைக்குப் பிறகு அக்கா வரவில்லை. பழமும் வரவில்லை.

பூ நிறம் மாறிய காரணம் எனக்குத் தெரியும். முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்தவன். ஆடியில் தொட்டிக்கு வெள்ளையடித்துவிட்டு, மிச்சச் சுண்ணாம்பை வீணாக்குவானேன் என்று அதே மண்ணில் ஊற்றியது நான்தான். மண்ணில் அமிலம் இருந்தால்தான் அதிலுள்ள அலுமினியம் செடிக்குள் ஏறும், பூ நீலமாகும். சுண்ணாம்பு அந்த அமிலத்தைத் தீர்த்துக்கட்டிவிடும். மடியில் சுமந்து வந்தவளிடம் இதை எப்படிச் சொல்வது? பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

அவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் படிகாரத்தையும் நனைத்தாள். அது கரைந்து கரைந்து மண்ணில் சொட்டியது. "பாருங்க, எவ்ளோ கண்ணு!" என்று புதுக்கட்டி கட்டினாள். மூன்று கட்டி போயிற்று. படிகாரத்தில் இருப்பதும் அலுமினியம்தான், அது மண்ணில் அமிலத்தையும் கூட்டும். வருஷா வருஷம் வகுப்பில் சொன்ன பாடம், அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த கொத்து நீலமாகப் பூத்தது.

"பாத்தீங்களா? படிகாரம் கட்டுனதும் சரியாயிடுச்சு. அவங்க கண்ணேதான்!" என்றாள்.

பூவைப் பார்த்த சந்தோஷம் அந்த வார்த்தையோடு போய்விட்டது. ஒரு நல்ல மனுஷியின் மேல் பழி நிலைத்துவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. சுண்ணாம்பு, படிகாரம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து போய் எதிர் வீட்டு மணியை அடித்தாள்.

"அக்கா, பூவைக் கெடுத்தது இவருங்க. உங்களைப் போய் நெனச்சுட்டேன். வந்து பாருங்க."

அக்கா வந்தார். ஆனால் பால்கனிக்குள் காலெடுத்து வைக்கவில்லை. கூடத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"வேணாம்மா. நான் பாக்கல."

தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டோம் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

மனைவி கத்தரிக்கோலை எடுத்துக் கறுப்புக் கயிற்றை நறுக்கினாள். படிகாரம் கீழே விழுந்தது. பூவுக்கு அது வேண்டும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

"கிட்ட வாங்கக்கா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். "நல்லாப் பாருங்க."